உப்புக்காற்றில் ஓடும் ஸ்கூட்டர்: வீட்டில் செய்யலாம் எது, டீலரிடம் விடணும் எது

ஸ்கூட்டர் வாங்கும்போது கையில் கொடுக்கிற கையேட்டில் ஒரு சர்வீஸ் அட்டவணை இருக்கும். அது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கோயம்புத்தூரில் ஓடும் வண்டிக்கும், தேவனாம்பட்டினத்தில் கடல் பார்த்த வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் அதே கிலோமீட்டர் கணக்கு. கடலூரிலிருந்து காலாப்பட்டு வரைக்குமான இந்தக் கரையில், ஓட்டத்தைவிட உப்பும் ஈரமும்தான் வண்டியை அதிகம் தின்கின்றன. வருஷக் கடைசியில் மழைத் தண்ணீர் வேறு. ஆகவே அட்டவணையை மட்டும் நம்பி, நாலு மாதத்துக்கு ஒருமுறை சாவியைக் கவுண்டரில் நீட்டினால் போதாது. சில வேலைகளை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். மற்றதை டீலரிடம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 110, 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கு. அளவு சொல்லும் இடங்களில் ஆக்டிவா 110-ஐ வைத்துச் சொல்கிறேன். ஜூபிடர், ஆக்சஸ், ஃபசினோ வைத்திருப்பவர்கள் முறையை எடுத்துக்கொண்டு, அளவைத் தங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் எடுக்கவில்லையா, முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள்

கடலோர வண்டிகளில் முதலில் வரும் தொல்லை ஸ்டார்ட்டிங். உடனே "பேட்டரி போச்சு" என்று புது பேட்டரி வாங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு நிமிஷச் சோதனை போதும். சாவியை ஆன் செய்து பிரேக்கைப் பிடியுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்படி இந்த வண்டிகள் செய்யப்பட்டிருக்கின்றன. விளக்கு எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் பிரேக் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். உப்பு படிந்து அதன் தொடுமுனைகள் பச்சை பிடித்திருக்கும். இன்னொரு லீவரைப் பிடித்துப் பாருங்கள்; அதில் செல்ஃப் எடுத்தால் பேட்டரிமேல் பழி இல்லை. சைடு ஸ்டாண்டு போட்டால் இன்ஜின் நிற்கும் வசதி உள்ள வண்டியில் அந்த ஸ்விட்ச்சும் இதே மாதிரி மண்ணும் உப்பும் பிடித்து ஏமாற்றும்.

விளக்கு நன்றாக எரிந்தும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் கருவி அது. ஸ்பேனர் செட்டுக்கு முன்பே வாங்க வேண்டியது. வண்டி ஓடி நின்ற உடனே அளக்காதீர்கள், சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. பிறகு மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். அந்த நேரத்தில் 9.5-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆனபின் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளந்தால் 13.5-இலிருந்து 14.8-க்குள் நிற்க வேண்டும். அது வரவில்லை என்றால் குறை சார்ஜிங் பக்கம்: மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் அல்லது கருத்துப்போன ஒரு கனெக்டர். இந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்தில் அதுவும் படுத்துவிடும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் இறுக்குவது, பிறகு தடவுவது. இந்த வரிசை மாறக் கூடாது. ஃப்ரேமில் போல்ட் போட்டிருக்கும் எர்த் வயர் முனைக்கும் இதையே செய்யுங்கள். விளக்கு மங்கி மங்கி எரிவது, இண்டிகேட்டர் தாறுமாறாக அடிப்பது இரண்டுக்கும் பல நேரம் இந்த ஒரு போல்ட்தான் காரணம். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் உள்ள ஃபியூஸ்தான். வயரை முறுக்கி வைத்தால் அடுத்து எரிவது வயரிங் முழுவதும்.

ஆயில்

ஆயில் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஃப்ரீ சர்வீஸ் முடியும் வரை வேண்டாம். அந்தக் கூப்பன்கள்தான் வாரண்டிக்குச் சாட்சி. அதற்குப் பிறகு செய்வதென்றால் ஆயில் வாங்கிய பில்லைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதி எடுத்து வையுங்கள்.

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30 என்பதோடு 'ஜேஏஎஸ்ஓ எம்பி' என்ற தரக்குறியும் போட்டிருக்கிறதா பாருங்கள். 'எம்ஏ' என்பது கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே சுற்றும் மோட்டார் சைக்கிளுக்கானது. ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் வழுக்கல் அதிகமுள்ள எம்பி போடலாம். கடையில் மாறி எம்ஏ கொடுத்துவிட்டாலும் இன்ஜின் கெடாது, மைலேஜில் கொஞ்சம் குறையலாம். மாறாக எம்பி ஆயிலை பைக்கில் ஊற்றினால்தான் கிளட்ச் வழுக்கும்.

வண்டியை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிப்ஸ்டிக்கைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். வாஷர் புதிது போடுங்கள். சில ரூபாய்ப் பொருள், இதை மிச்சம் பிடித்தால் ஆயில் கசியும். போல்ட்டை முதல் சில சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். கேஸ் அலுமினியம் என்பதால் கோணலாக ஏற்றி ஸ்பேனரால் இழுத்தால் மரை போய்விடும். மரை போன கேஸைச் சரிசெய்யும் செலவில் பல தடவை ஆயில் மாற்றலாம். ஊற்ற வேண்டிய அளவு ஆக்டிவாவில் மாடலைப் பொறுத்து 650 முதல் 700 மி.லி. டப்பாவில் இருப்பதை முழுக்க ஊற்றிவிடாதீர்கள். கூடிப்போன ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும். ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கை மரை ஏற்றாமல் சும்மா நுழைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கியர் பெட்டி உண்டு. இதைப் பெரும்பாலோர் மறந்தே போகிறார்கள். ஆக்டிவாவில் வடித்தபின் 120 மி.லி. போதும், ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி ஏற்றலாம். வடியும் ஆயில் தேனீர் நிறத்தில் வந்தால் சரி. பால் கலந்ததுபோல் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டியில் இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், சில மாதம் கழித்துப் பின் சக்கரத்திலிருந்து பேரிங் ஊளையிடும்.

பிரேக், டயர், பெட்ரோல்

டிரம் பிரேக் லீவரில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். சக்கரத்தருகே இருக்கும் நட்டை ஏற்றினால் இறுகும். நட்டில் இருக்கும் வளைவு பின்னின்மேல் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தில் தானாகத் தளரும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது பேனலில் உள்ள அம்புக்குறி எதிரே இருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது. இனி நட்டை ஏற்றிப் பயனில்லை. ஷூ மாற்றும்போது டிரம்மையும் அளக்கச் சொல்லுங்கள். 130 மி.மீ. டிரம் 131-ஐ எட்டிவிட்டால் புது ஷூவும் பிடிக்காது. பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடிப்பது இந்த ஊரின் தனித் தொல்லை. லீவரை விட்டபிறகு அது மெதுவாகத் திரும்பினால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

காற்று: ஆக்டிவாவில் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் தனி ஆளுக்கு 29, இருவருக்கு 36. டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி முள்ளோடையில் பெட்ரோல் போடுவது பழைய வழக்கம். வரி குறைவு, விலை குறைவு, தப்பில்லை. தப்பு எங்கே என்றால், வந்ததே வந்தோம் என்று கழுத்துவரை நிரப்பச் சொல்வதில். இப்போதைய வண்டிகளில் டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்க கரி நிரப்பிய கேனிஸ்டர் ஒன்று உண்டு. அது ஆவிக்கானது. நாசில் தானாக நின்றபின்னும் ஊற்றினால் திரவமாகவே பெட்ரோல் அதற்குள் போய்விடும். பிறகு டேங்க் நிரப்பிய ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட்டிங் தகராறு. இன்னொன்று: எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியில் அரை டேங்க் பழைய பெட்ரோலோடு விட்டுப் போகாதீர்கள்.

பெல்ட் பக்கம்

இடது பக்க மூடிக்குள் இருக்கும் பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ இவற்றின் குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தால் போதும், கழற்ற வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் ஷூ பளபளத்துப் போயிருக்கிறது அல்லது உள்ளே தூசி. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் ஒல்லியாகிவிட்டது. மெதுவாகப் போகும்போது கடகட சத்தம் என்றால் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகித் தேய்ந்திருக்கலாம். ஆக்டிவாவில் பெல்ட்டின் ஆயுள் 24,000 கி.மீ. அறுந்தால் முன்னறிவிப்பில்லாமல் அறும், தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். இதன் நட்டைக் கழற்ற சுழலாமல் பிடிக்கும் ஹோல்டர் வேண்டும். அது இல்லாமல் விசிறி இறக்கைக்குள் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துத் தடுப்பது மெக்கானிக் கடைகளில் சாதாரணமாக நடக்கிறது. இறக்கை உடைந்தால் உள்ளே குளிர்ச்சி குறையும், பெல்ட் வெந்துபோகும். ஹோல்டர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியை விடுங்கள்.

தண்ணீரில் மூழ்கிய வண்டி

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் கடலூர் வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். கடைசியாகச் சொன்ன புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வண்டிகள் நின்ற இடத்திலேயே மூழ்கின. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இது திரும்பவும் வரும். ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் வரும் ஆசை, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்". அதைத்தான் செய்யக் கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால், பிஸ்டன் மேலே ஏறும்போது அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வளைவது கனெக்டிங் ராடு. வெறுமனே நனைந்த இன்ஜின் சில ஆயிரத்தில் மீளும். ராடு வளைந்த இன்ஜினை முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும்.

சாவியைக்கூடப் போடாமல், தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்ற அடையாளத்தோடு நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். முழு இன்சூரன்ஸ் இருந்தால் அந்த நிமிஷமே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் பதிவு எண் வாங்குங்கள். வெள்ளச் சேதத்துக்கு அதில் இடமுண்டு. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால், இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகச் சேர்த்துப் பணம் கட்டியிருந்தாலன்றி அந்தப் பகுதி கிடைப்பது கஷ்டம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காது.

கிளெய்ம் போடுபவர்கள் இதோடு நிறுத்தி, வண்டியைத் தள்ளியோ ஏற்றியோ டீலரிடம் சேர்த்துவிடுங்கள். கிளெய்ம் இல்லாதவர்கள், பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றியபின், முழு வண்டியையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உப்பங்கழித் தண்ணீரோ சாக்கடையோ கலந்த வெள்ளம் காய்ந்தால் உப்பு உள்ளேயே தங்கும். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பாதி நிம்மதி. நனைந்திருந்தால் அந்தக் காகித ஃபில்டரைக் காயவைத்துப் போட முடியாது. ஆயில் பூசிய காகிதம் அது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பெட்டிக்கு அடியில் தொங்கும் வடிகுழாயைப் பிடுங்கித் தண்ணீரை வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். சிலிண்டரில் இருந்த தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி வெளியே வரும். வருவது நின்றபின் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலைத் துளைக்குள் விட்டு மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். கிக்கர் இல்லாத மாடல் என்றால் இதோடு டீலரைக் கூப்பிடுங்கள்.

இன்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் வடியுங்கள். வெளுத்து வந்தால் புது ஆயில் ஊற்றி, எல்லாம் காய்ந்து வண்டி ஸ்டார்ட் ஆனபின் அஞ்சு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அதையும் வடித்து, மறுபடி புதிது ஊற்றுங்கள். முதல் ஊற்றுக்கு விலை குறைந்த ஆயில் போதும். டேங்க் மூடிவரை தண்ணீர் ஏறியிருந்தால் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் படிந்தால் டேங்க்கை முழுக்க வடிக்க வேண்டும். பிஎஸ்-6 வண்டியில் பெட்ரோல் பம்ப் தண்ணீரை இழுத்தால் அதோடு இன்ஜெக்டருக்கும் கேடு. பெல்ட் மூடியையும் இரண்டு பிரேக் டிரம்மையும் திறந்து சேற்றைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் ரோட்டில் ஏற்ற வேண்டும். பெல்ட்டிலோ பிரேக் ஷூவிலோ கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் படக் கூடாது.

மின்சார ஸ்கூட்டர் மூழ்கினால் இதில் எதையும் செய்யாதீர்கள். ஆன் செய்ய வேண்டாம், சார்ஜ் போடவே வேண்டாம், பேட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஐபி67 என்று விளம்பரத்தில் இருப்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷத்துக்கான சோதனை. ராத்திரி முழுக்க நின்ற வெள்ளத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் நிறுத்திவிட்டு கம்பெனி ஆளை வரச் சொல்லுங்கள்.

டீலரிடம் எப்படிப் பேசுவது

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிவது, சென்சார், இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, வாரண்டியில் வரும் எதுவும் டீலர் வேலை. அங்கே நல்ல வேலை கிடைப்பதும் கிடைக்காததும், வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஆயில், வாஷ், பில். குறையை நடக்கும் விதத்தில் எழுதச் சொல்லுங்கள்: "காலையில் முதல் ஸ்டார்ட் மூன்று தடவை அழுத்தினால்தான் எடுக்கிறது, சூடானபின் சரி." "40-க்கு மேல் ஹேண்டில் ஆடுகிறது, ஆள் ஏறினால் ஆட்டம் நிற்கிறது." காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். "பெல்ட் மாத்துங்க" என்றால் பெல்ட்டை மாற்றிவிடுவார்கள், உதறல் அப்படியே இருக்கும், பணமும் கொடுத்திருப்பீர்கள்.

கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கனவே இருக்கும் கீறல்கள் கார்டில் வரட்டும். "எஸ்டிமேட்டுக்கு மேல் எது மாற்றினாலும் முதலில் போன் செய்யவும், பழைய பார்ட்ஸ் திருப்பித் தரவும்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். பழைய பார்ட்ஸ் கேட்கும் வாடிக்கையாளரின் வண்டியில் தேவையில்லாத மாற்றம் நடப்பது அரிது. வாரண்டியில் மாற்றிய பாகத்தை மட்டும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அதைக் கேட்க முடியாது. பாலிஷ், கோட்டிங், ஆயிலில் கலக்கும் மருந்து போன்றவை கையேட்டு அட்டவணையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். துருவுக்கு எதிராக அடிப்பாகத்தில் அடிக்கும் கோட்டிங் மட்டும் இந்தக் கரைக்குப் பயன்படும், அதுவும் வண்டி முழுக்கக் காய்ந்திருக்கும்போது அடித்தால்.

ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலிதான் ஃப்ரீ. ஆயிலுக்கும் வாஷருக்கும் காசு உண்டு. பார்ட்ஸ் கவரில் போட்டிருக்கும் எம்ஆர்பியில் வரி அடக்கம். அதற்கு மேல் ஜிஎஸ்டி சேர்த்தால் தட்டிக் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது அங்கேயே டிப்ஸ்டிக்கையும் டிரெயின் போல்ட் ஈரத்தையும் காற்றையும் பாருங்கள். பேனல் ஸ்குரூ எல்லாம் இருக்கிறதா எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் ஒரு மாதத்தில் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

புதுச்சேரியில் வாங்கிக் கடலூரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. வாரண்டி வண்டிக்கானது, விற்ற கடைக்கானதல்ல. அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரும் அதைப் பார்க்க வேண்டும். "எங்ககிட்ட வாங்கலையே" என்று சொன்னால், மறுக்கும் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பிஒய் (புதுச்சேரி) பதிவுள்ள வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது தனிச் சட்டம். வாரண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சர்வீஸ் மேனேஜரிடம் தீராதது கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலாகப் போக வேண்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். புதுச்சேரி டீலர்மேல் புகார் என்றாலும் கடலூர்க்காரர் கடலூர் ஆணையத்துக்கே போகலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வண்டி பில், எல்லா ஜாப் கார்டு நகல்கள், சர்வீஸ் பில்கள், மின்னஞ்சல்கள், குறை தெரியும் வீடியோ இருந்தால் அது, இவையெல்லாம் சான்றாக வேண்டும். ஜாப் கார்டு நகல் கேட்டால் பல இடங்களில் "சிஸ்டத்துல இருக்கு சார்" என்பார்கள். கையெழுத்துப் போடும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.